குளிர்காலத்தைக் கணக்கில் எடுக்காத மகரந்தச் செயலி: ஐந்துக்கு மூன்று

இந்த மகரந்த முன்னறிவிப்புச் செயலிக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஏப்ரலில் மட்டும் இதைத் திறந்து பார்க்கிறவர் நான்கு கொடுப்பார், கொடுக்கட்டும், தகும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இதை நம்பி வெளியே கிளம்புகிறவருக்கு இரண்டுக்கு மேல் மனம் வராது. இரண்டுக்கும் நடுவே மூன்று. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வார்ப்பில் வேறு செயலிகளும் உலவுகின்றன. நான் இங்கே அடுக்கும் குறைகளில் பல அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்கு பிர்ச் குடும்பத்து மரங்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது; குளிர்நாடுகளில் வளரும் பிர்ச், ஆல்டர், ஹேசல் எல்லாம் இந்தக் குடும்பம். மூக்கு, கண், சில ஆண்டுகளில் மூச்சும். தொழிலில் கணக்குத் தணிக்கையாளர். ஆகவே ஒரு எண்ணைக் காட்டினால், அது எங்கிருந்து வந்தது, எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. இந்த மதிப்புரை முழுவதும் அந்தக் குணம்தான் பேசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலி செய்வது இதுதான்: மரவாரியாக மகரந்த அளவை வண்ணத்தில் காட்டுகிறது. அடுத்த இரண்டு நாட்களுக்கு மணிக்கணக்கில் வரைபடம், அதற்கப்பால் நாள்கணக்கில் ஒரு கணிப்பு. காற்று வீசும் திசையைக் காட்டும் நகரும் வரைபடம் ஒன்று. நம் தும்மலையும் கண்ணரிப்பையும் பதிந்துவைக்க ஒரு நாட்குறிப்பு. எழுத்து பெரியது, திறக்கத் தாமதமில்லை, விளம்பரத் தொல்லை குறைவு. தோற்றத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய குறைக்கு வருகிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை மரங்களுக்கான கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. கீழே ‘பருவம் தொடங்கவில்லை’ என்ற வாசகம். வடக்கத்திய மிதவெப்ப நாடுகளில் ஹேசலும் ஆல்டரும் பூப்பதே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான். குளிர் தணிந்த ஒரு வாரம் வாய்த்தால் ஹேசலின் தொங்கு பூங்கதிர்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே நீண்டு, மஞ்சளாகி, தொட்டால் தூள் உதிர்க்கும் நிலைக்கு வந்துவிடும். என் நடைபாதை ஓரத்து ஹேசல் புதர் அந்த நிலையில் நின்றபோது என் கைப்பேசி பருவமே தொடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. உதவி மையத்துக்கு எழுதினேன். ‘ஒவ்வொரு மரத்துக்கும் வழக்கமான பருவகாலம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது, அதற்கு வெளியே தரவு காட்டப்படாது’ என்று பணிவாகப் பதில் வந்தது. அதாவது, பருவத்தைத் திறப்பது மரமல்ல, நாட்காட்டி.

குளிர்காலம் மகரந்தத்துக்கு விடுமுறை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நடுப்பகுதியில் மலை சிடார் என்று அழைக்கப்படும் ஜூனிபர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மகரந்தம் உதிர்க்கிறது. உச்சம் ஜனவரியை ஒட்டி. அங்கே அதற்கு சிடார் காய்ச்சல் என்றே பெயர், காய்ச்சல் அடிப்பதில்லை என்றாலும். ஜப்பானில் சுகி என்ற ஊசியிலை மரத்தின் மகரந்தம் பிப்ரவரியில் பறக்கத் தொடங்கி நாட்டையே தும்ம வைக்கிறது. இத்தனையும் வசந்தம் பிறப்பதற்கு முன்பு. ஒரு மகரந்தச் செயலி இந்த மாதங்களில் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஆண்டுக் கணக்கின் கடைசிக் காலாண்டை மூடிவைத்துவிட்டு லாபநட்டம் சொல்வதற்குச் சமம்.

அந்தக் கணக்கு மொழியிலேயே தொடர்கிறேன், ஏனென்றால் இந்தச் செயலியின் கோளாறு அதில்தான் தெளிவாகப் புரியும். எந்தக் கணக்குக்கும் ஒரு ஆரம்ப இருப்பு உண்டு. மர மகரந்தத்தின் ஆரம்ப இருப்பு சென்ற ஆண்டுக் கோடையில் எழுதப்படுகிறது. பிர்ச், ஆல்டர், ஹேசல் மூன்றுக்கும் ஆண் பூங்கதிர்கள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. இலையுதிர்ந்த பிறகு கிளை நுனிகளில் விறைப்பாக, சிறு விரல்கள் போலத் தெரிபவை அவைதான். குளிர்காலம் முழுவதும் அப்படியே நிற்கும். இனி வரப்போகும் வானிலை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. எப்போது திறக்கும், எவ்வளவு வேகமாகத் திறக்கும், திறந்தது எங்கே போகும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும்.

ஜப்பானியர் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெயில் கொளுத்திய கோடைக்குப் பிறகு சுகி மரத்தில் ஆண் பூக்கள் அதிகம். ஆகவே அங்கே நவம்பர், டிசம்பரிலேயே காட்டில் ஆண் பூக்களின் அளவைக் கணக்கெடுத்து, வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். பிர்ச் மரத்துக்கோ இன்னொரு பழக்கம் உண்டு: ஓராண்டு அள்ளிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு பெரும்பாலும் அடங்கியிருக்கும். இவற்றில் எதையும் இந்தச் செயலி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. ஆண்டு தொடங்கும்போது எல்லா மரமும் எல்லா ஆண்டும் ஒரே கையிருப்போடு தொடங்குவதாக அது நினைத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

அடுத்து, குளிர்காலம் எழுதும் பக்கம். இதில் இரண்டு பத்திகள் உண்டு. செயலி ஒன்றைத்தான் படிக்கிறது.

முதல் பத்தி குளிர். உறக்கத்தில் இருக்கும் மொட்டு விழிப்பதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்திருக்க வேண்டும். இதற்கு மிகவும் பயன்படுவது, உறைநிலைக்குச் சற்று மேலிருந்து ஏழெட்டு டிகிரி செல்சியஸ் வரை உள்ள இதமான குளிர். கடும் உறைபனி நாட்கள் பொதுவாக இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேர்வதில்லை. இரண்டாவது பத்தி வெப்பம். குளிர்த் தேவை நிறைவேறிய பிறகு, ஒரு அடிப்படை வெப்பநிலைக்கு மேலே ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி கிடைத்தது என்று மரம் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கூட்டுத்தொகை ஓர் அளவைத் தொட்டதும் பூங்கதிர் நீள்கிறது. ஹேசலுக்கும் ஆல்டருக்கும் இந்தத் தேவை சிறியது. அதனால் குளிர்காலத்தின் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் அவை ஆடுகின்றன. ஓராண்டு ஜனவரித் தொடக்கத்தில் பூத்தது, இன்னோராண்டு பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிப்போகலாம். பிர்ச்சும் ஓக்கும் அவ்வளவு அலைபாய்வதில்லை, ஏனெனில் அவற்றுக்கு வேண்டிய வெப்பம் அதிகம். அது சேரும்போது வசந்தம் வந்துவிட்டிருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விளைவுகள் பார்க்கிற மாதிரி நேராக இருப்பதில்லை. மிதமான குளிர்காலம் என்றால் பருவம் முன்கூட்டி வரும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் குளிர் மிகவும் குறைந்துபோனால் முதல் பத்தி நிரம்பாது. அப்போது வெப்பம் எவ்வளவு கிடைத்தாலும் மொட்டு தயங்கும், பூப்பு தாமதமாகவோ சிதறலாகவோ நடக்கும். இதற்கு எதிர்ப்பக்கம், நீண்ட கடுங்குளிர். மார்ச் முடியும்வரை இறுக்கமாக இருந்துவிட்டு ஏப்ரலில் திடீரென வெயில் வந்தால், தங்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்த மரங்கள் வரிசை பிசகி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூக்கும். மொத்த மகரந்தம் கூடவேண்டும் என்பதில்லை. ஆனால் ஆறு வாரத்தில் வரவேண்டியது இரண்டு வாரத்தில் வந்து இறங்கினால் மூக்குக்கு அது வேறு விஷயம்.

செயலி என்ன செய்கிறது? டிசம்பரில் ஒரு வாரம் இதமாக இருந்ததும் ‘இந்த ஆண்டு மரப் பருவம் முன்கூட்டியே தொடங்க வாய்ப்பு’ என்று அறிவிப்பு அனுப்பியது. குளிர்ப் பத்தி பாதிகூட நிரம்பாத நேரம் அது. பிறகு ஜனவரியில் உண்மையாகவே ஹேசல் பூத்தபோது வாய் திறக்கவில்லை, நாட்காட்டி அனுமதிக்கவில்லை. பிப்ரவரியில் கட்டங்கள் திறந்து ஆல்டரின் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு குளிரலை வந்தது. வெளியே எல்லாம் உறைந்து நின்றது. செயலியின் கோடு மட்டும் தேதியைப் பின்பற்றி ஏறிக்கொண்டே போனது. குளிரலை வந்தால் பூங்கதிர் நின்றுவிடும். ஏற்கனவே விரிந்துவிட்ட பூக்களைக் கடும் உறைபனி கெடுக்கலாம்; விரியாதவை அப்படியே காத்திருக்கும். அதாவது அந்த வாரத்துச் செலவு ரத்தாகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வெயில் திரும்பிய அன்று அது மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். எச்சரிக்கை தேவைப்படுவது அந்த நாளுக்குத்தான். செயலி அன்றைக்கு ‘மிதம்’ என்று காட்டியது, முந்தைய நாட்களிலேயே உச்சம் கடந்துவிட்டதாக அது நம்பியதால்.

இவ்வளவு திட்டிய பிறகு பாராட்டும் இடத்துக்கு வருகிறேன், அது உண்மையாகவே நன்றாக இருக்கிறது. பருவம் திறந்தபின் வரும் மணிக்கணக்கு வரைபடம் இந்தச் செயலியின் சிறந்த பகுதி. இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவருக்கு மகரந்தப் பை எப்படித் திறக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அது உலர்ந்துதான் வெடிக்கிறது. காற்றில் ஈரம் குறைய வேண்டும், பை சுருங்கிப் பிளக்க வேண்டும், பிறகு கிளையை அசைக்கக் காற்று வேண்டும். ஆகவே, இரவுப் பனி காய்ந்த பிறகு, முற்பகலிலிருந்து பிற்பகல் வரை அளவு ஏறும். செயலி இதைச் சரியாக வரைகிறது. விடியற்காலை ஓட்டத்தைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்ற அதன் ஆலோசனையை நான் பின்பற்றுகிறேன், பலனும் இருக்கிறது. உறைபனிக் காலையில் ஓடுவது வேறு வகைத் துன்பம். அதற்குச் செயலி பொறுப்பல்ல.

ஈரப்பதத்தை வெப்பநிலைக்கு மேலாக வைத்திருப்பதையும் பாராட்ட வேண்டும். பலர் நினைப்பதற்கு மாறாக, பருவம் நடக்கும்போது தூறலோடு கூடிய மிதமான நாள் ஓரளவு பாதுகாப்பானது. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக, வறண்ட காற்றோடு, குளிராக இருக்கும் நாள்தான் ஆபத்து. டெக்சாஸ் ஜூனிபர் இதற்கு உச்சபட்ச உதாரணம். வடக்கிலிருந்து குளிர்முகம் ஒன்று, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்துபோய் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும், தேன் நிறத்துக்கு மாறிய ஆண் கூம்புகள் திறந்து மரத்தையே புகை சூழ்ந்ததுபோல் மகரந்த மேகம் எழும்பும். காடு எரிகிறது என்று தீயணைப்புத் துறைக்கு ஆட்கள் தொலைபேசியில் அழைப்பதும் உண்டு. அங்கே குளிர், மகரந்தத்தை அடக்குவதில்லை; அவிழ்த்துவிடுகிறது. எந்த மரம் என்பதைப் பொறுத்து குளிர்காலத்தின் பொருள் மாறுகிறது. செயலியின் மணிக்கணக்குப் பகுதி இந்த வேறுபாட்டை மதிக்கிறது, பருவக் கணிப்புப் பகுதி மதிக்கவில்லை. இரண்டையும் செய்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தவர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

மழை விஷயத்தில் மீண்டும் கோட்டை விடுகிறது. வானிலையில் மழைக் குறி தோன்றினால் போதும், மகரந்த அளவு உடனே பச்சைக்கு இறங்கிவிடுகிறது. நீடித்துப் பெய்யும் மழை காற்றைக் கழுவுகிறது, மறுக்கவில்லை. நனைந்த பூங்கதிரும் உதிர்க்காது. ஆனால் கால்மணி நேரத் தூறலால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மேலும், ஈரத்தை உறிஞ்சிய மகரந்தத்தூள் ஊதி வெடித்துத் துணுக்குகளாகிறது. முழுத்தூள் மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும். துணுக்கு நுரையீரல்வரை இறங்கும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழையோடு நடந்தது இதன் கொடூரமான வடிவம். அது மரமல்ல, புல் மகரந்தம். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினார்கள், பத்து பேர் இறந்தார்கள். பிர்ச் தூளும் ஈரத்தில் இதேபோல் உடையக்கூடியதுதான். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மழைக் குறியைக் கண்டதும் ‘வெளியே செல்ல ஏற்ற நேரம்’ என்று சொல்வது பொறுப்பில்லாத செயல். ஒரு நட்சத்திரம் குறைந்தது இதற்காகவே.

பனிப்பொழிவுக்கும் இதே கதை. தரையில் பனி கிடந்தால் அளவு பூஜ்யம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பெய்கிறபோது அது சரி. பெய்து முடிந்து வெயில் வந்த பிறகு, பூங்கதிர் தொங்குவது தரையில் அல்ல, கிளையில். வெயில் பட்ட ஹேசலுக்குக் கீழே பனியின்மேல் மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பரவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செயலியின் நகரும் காற்று வரைபடம்தான் பலரையும் ஈர்க்கிறது. பிர்ச் தூளின் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரான். அசையாத காற்றில் அது விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும். பத்து மீட்டர் உயரத்தில் கிளம்பிய தூள் தரையைத் தொட ஆயிரம் விநாடி, அதாவது பதினேழு நிமிடம் ஆகும். விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதற்குள் ஐந்து கிலோமீட்டர் போயிருக்கும். இது காற்று மேல்நோக்கித் தூக்காதபோது. வசந்தத்தில் தரை சூடாகி காற்று மேலெழும்பும் நாட்களில் தூள் உயரே போய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, வேறோரிடத்தில் இறங்குகிறது. பின்லாந்தில் உள்ளூர் பிர்ச் மொட்டு திறப்பதற்கு முன்பே தெற்கிலிருந்து வரும் காற்று பிர்ச் மகரந்தத்தைக் கொண்டுவந்து கொட்டுவது தெரிந்த விஷயம். உயரே மகரந்தம் இருக்கிறது என்பதை 1870-களிலேயே சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கில மருத்துவர், பசை தடவிய கண்ணாடித் தகட்டைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டு நிரூபித்துவிட்டார். அவரே ஒவ்வாமைக்காரர், ஆகவே ஆர்வத்துக்குக் குறைவிருந்திருக்காது.

இந்த நெடும்பயணத்தை செயலி நன்றாகக் கையாள்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் என் ஜன்னலுக்கு எதிரே உள்ள பிர்ச் மரம் இறுக மூடிக்கொண்டு நின்றது; செயலி சிவப்புக் காட்டியது; காற்று தெற்கிலிருந்து. அன்று மாலைக்குள் என் கண்கள் செயலியின் பக்கம் சாட்சி சொன்னது. இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் அதே வரைபடத்தை ஜனவரிக்கும் அப்படியே நீட்டுவது சரியல்ல. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருக்கிறது, தரை சூடாவதில்லை, காற்று மேலெழும்பிக் கலப்பது குறைவு. தெளிந்த, அமைதியான நாட்களில் தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். அப்போது கிளம்பும் மகரந்தம் மேலே போகவும் முடியாது, வெகுதூரம் போகவும் முடியாது. கிளம்பிய இடத்தைச் சுற்றியே நிற்கும். அதிலும் ஹேசல் ஒரு புதர், உயரமில்லை. ஆகவே குளிர்கால மகரந்தம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து மகரந்தம். எங்கோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அளந்த எண்ணைவிட, நீங்கள் தினமும் கடந்துபோகும் ஓடைக்கரையில் ஆல்டர் வரிசையாக நிற்கிறதா என்பதே ஜனவரியில் முக்கியம். மே மாதத்தில் அது தலைகீழ். இந்தச் செயலியில் நாமே நம் தெருவின் மரங்களைக் குறித்துவைக்க ஒரு வசதி இருந்திருந்தால் குளிர்காலத்தில் அது எல்லாக் கணினி மாதிரிகளையும் தோற்கடித்திருக்கும். இல்லை. கேட்டிருக்கிறேன்.

எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உலகெங்கும் மகரந்தம் அளக்கப் பயன்படும் அடிப்படைக் கருவி 1952-இல் ஜே. எம். ஹிர்ஸ்ட் வடிவமைத்தது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை, ஏறக்குறைய ஒரு மனிதர் மூச்சு வாங்கும் அளவை, குறுகிய பிளவு வழியே உறிஞ்சி, பசை தடவிய நாடாமீது மோதவிடுகிறது. நாடா சுற்றிய உருளை மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சுற்று ஒரு வாரம். பிறகு ஒருவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, தூள்களை இனம் பிரித்து எண்ண வேண்டும். இந்த வேலை செய்கிறவர்கள் மீது எனக்கு அபார மரியாதை. என் தொழிலின் பொறுமை அவர்களுடையதற்கு முன்னால் நிற்காது. ஆனால் இதன் பொருள், அந்த எண் கையில் கிடைக்கும்போது அது பழைய எண். சில நாடுகள் தானியங்கிக் கருவிகளுக்கு மாறிவருகின்றன; ஜெர்மனியின் பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அத்தகைய வலையமைப்புகள் இயங்குகின்றன. மற்ற இடங்களில் ‘இப்போது’ என்று செயலி காட்டுவது அளந்ததல்ல, கணினி மாதிரி கணித்தது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவை ஆல்டர், பிர்ச், ஆலிவ், புல் முதலியவற்றுக்கு இப்படி மாதிரிவழிக் கணிப்பை வெளியிடுகிறது. அதில் தவறு எதுவுமில்லை, கணிப்பு என்று சொல்லியே வெளியிடுகிறார்கள். இந்தச் செயலி அளந்ததையும் கணித்ததையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், பக்கம் பக்கமாகப் போடுகிறது. தணிக்கையில் இதைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

வண்ணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய ஒவ்வாமைப் பணியகத்தின் அளவுகோலில் மர மகரந்தத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 முதல் 14 தூள் வரை குறைவு, 15 முதல் 89 வரை மிதம், 90 முதல் 1,499 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். 90-உம் 1,400-உம் ஒரே சிவப்பு. செயலி இதையொத்த பட்டைகளைத்தான் பயன்படுத்துகிறது, எண்ணைக் காண இன்னொரு பக்கம் புரட்ட வேண்டும். குளிர்காலத்தில் சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. ஜனவரி ஹேசல் ‘குறைவு’ பட்டையிலேயே நின்றுவிடலாம். ஆனால் ஹேசல், ஆல்டர், பிர்ச் மூன்றின் முக்கிய ஒவ்வாமைப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்றுக்குத் தும்முகிற உடல் மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். தொடர்ந்து சிறிது சிறிதாக மகரந்தம் பட்ட மூக்குச் சவ்வு கூர்மையாகிவிடுவதால், பிறகு வரும் சிறிய அளவுக்கே பெரிதாக எதிர்வினை காட்டும். ஜனவரியில் பச்சையாகத் தெரிந்தது ஏப்ரல் பிர்ச்சின் வேலையை எளிதாக்கிக் கொடுத்திருக்கும். பிர்ச் குடும்பத்துக்காரர்களுக்கு என்று தனி அளவுகோல் வைத்துக்கொள்ளும் வசதி ஏன் இல்லை என்று புரியவில்லை.

அறிகுறி நாட்குறிப்பு பரவாயில்லை. குளிர்காலத்தில் எல்லாரையும் குழப்பும் கேள்வி, இது சளியா ஒவ்வாமையா என்பது. காய்ச்சலும் உடல்வலியும் இருந்தால் பெரும்பாலும் சளி. தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு, இரண்டு வாரம் கடந்தும் விடாமல் நீடித்தல் என்றால் ஒவ்வாமைப் பக்கம் சாயலாம். வெறும் குளிர்காற்றே சிலருக்கு மூக்கை ஒழுக வைக்கும், அது வேறு. நாட்குறிப்பு இந்தக் கேள்விகளைக் கேட்கிறது, பதிலை வரைபடமாக்கித் தருகிறது, மருத்துவரிடம் காட்டப் பயன்படுகிறது. சாம்பல் மாதங்களில் மட்டும் அறிகுறியைப் பதிந்தால் ‘தற்போது மரப் பருவம் இல்லை, சளியாக இருக்கலாம்’ என்று தானாகவே முடிவு சொல்லிவிடுகிறது. அந்த வரியை நீக்கினாலே பாதிக் கோபம் தணியும்.

இந்தப் பிழைகள் வருங்காலத்தில் சின்னவையாக இருக்கப்போவதில்லை. 1990 முதல் 2018 வரையிலான வட அமெரிக்க மகரந்த அளவீடுகளை ஆராய்ந்ததில், பருவம் ஏறத்தாழ இருபது நாள் முன்னே நகர்ந்திருப்பதும் மகரந்த அளவு சுமார் 21 விழுக்காடு கூடியிருப்பதும் தெரிந்தது. பழைய சராசரித் தேதியை வைத்துக்கொண்டு கட்டங்களைப் பூட்டுகிற செயலி ஆண்டுக்கு ஆண்டு இன்னும் தள்ளாடும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பிர்ச், ஓக், புல் ஆகியவற்றுக்கு மட்டும் அவதிப்படுகிறவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு வரைபடமும் காற்று வரைபடமும் பயன் தரும். ஹேசல், ஆல்டர், ஜூனிபர், சுகி ஆட்கள் இதை நம்பி மருந்தைத் தொடங்கும் நாளைத் தீர்மானிக்க வேண்டாம். மூக்குத் தெளிப்பானுக்கு முழுப் பலன் வர நாட்கள் பிடிக்கும். செயலி சாம்பலிலிருந்து மஞ்சளுக்கு மாறும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரோடு பேசி, கிளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பூங்கதிர் விறைப்பாக, குட்டையாக, பச்சையும் பழுப்புமாக இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. நீண்டு தளர்ந்து மஞ்சளடித்தால் நேரமில்லை. இதற்குச் சந்தா எதுவும் கிடையாது.

அறிவிப்பு ஒலியை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இருமல் சத்தத்தை அறிவிப்பாக வைப்பது யாருடைய நகைச்சுவையோ.

மேம்பட்ட பதிப்பு வருகிறது என்கிறார்கள். பருவத்தைத் தேதியால் திறக்காமல் சேர்ந்த குளிரையும் வெப்பத்தையும் கொண்டு திறந்தால் நான்காவது நட்சத்திரத்தைச் சேர்த்துவிடுகிறேன். ஐந்தாவதற்கு மழைக் குறியின் கீழே உள்ள அந்தப் பச்சை நிறம் போக வேண்டும்.